மூடி வெச்ச ரெண்டு மைக்

...செயலாளர் ஐயா வரவேற்புரையில ஒரு வருத்தம் சொன்னாரு. "இந்தக் கூட்டம் எப்பிடியும் யூடியூப்ல வந்துடும், எதுக்கு நேர்ல வரணும்னு பாதிப் பேரு வீட்லயே உக்காந்துட்டாங்க"ன்னாரு. வந்தவங்க முன்னாடி வராதவங்களத் திட்டுறது நம்ம மேடை வழக்கம். நான் திட்டல. அதுக்குப் பதிலா ஒரு சின்னக் கதை வெச்சிருக்கேன். சொல்லட்டுமா?... என்னங்க, சத்தத்தையே காணோம். சொல்லட்டுமா?... ஆங், அப்பிடி!

சென்னை பெரம்பூர்ல ரூபன் தேவசகாயம்னு ஒருத்தர். வாரத்துல ஆறு நாள் வெல்டர். ஞாயித்துக்கெழம ப்ளூஸ் பாடகர். ப்ளூஸ்னா என்ன? அமெரிக்காவுல கறுப்பின மக்கள், தாங்க பட்ட கஷ்டத்தையெல்லாம் கிடாரோட சேத்துப் பாடுனாங்களே, அந்தப் பாட்டு. அதை நம்ம ரூபன் தமிழ்ல பாடுவாரு. அதுல ஒரு மொறை உண்டு. பாடறவன் ஒரு வரியில தன் கஷ்டத்தச் சொல்லுவான். கேக்கறவன் வாயடைச்சி உக்காரக் கூடாது, பதில் குரல் குடுக்கணும். நாம கதை கேக்கறப்ப உம் கொட்டுறோம் இல்லியா? உம் நின்னா என்ன ஆவும்? கதை நின்னுடும். அதே சங்கதிதான்.

இருவத்தெட்டு வருசமாப் பாடறாரு மனுசன். ஒரு ஆல்பம் வந்ததில்ல. "சாவறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு போட்டுடணும்பா"ன்னு ஆசை. சரின்னு ஒரு கல்யாண மண்டபத்தப் புடிச்சி, கச்சேரி வெச்சி, அதையே பதிவு பண்ணி ஆல்பமாப் போடறதுன்னு முடிவாச்சி. முன்னூறு பேர் வந்தாங்க. அமர்க்களம்!

பதிவு பண்ண வந்தவர் பேரு முகுந்தன். பக்திப் பாட்டு எடுக்கறதுல புலி. அவர் ஸ்டூடியோவுல பல்லி கத்துனாக் கூட "கட்! மறுபடி பாடுங்க"ம்பாரு. அவ்ளோ சுத்தம். அவரு மேடைக்கு ஆறு மைக் வெச்சாரு. கடைசிக் கைதட்டலுக்குன்னு கூட்டத்தப் பாத்து ரெண்டு மைக் வெச்சாரு.

ஒரு வாரம் கழிச்சி ரூபனும் அவர் சம்சாரம் ஸ்டெல்லாவும் ஸ்டூடியோவுக்குப் போறாங்க. ஸ்டெல்லா அக்கா பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். அந்தக் குரலுக்கு மைக்கே வேணாம்.

முகுந்தன் வாயெல்லாம் பல்லா வர்றாரு. "அண்ணே, ஒரு வாரமா உக்காந்து தொடச்சி வெச்சிருக்கேன். ஒரு இருமல் கெடயாது, ஒரு விசில் கெடயாது. கேளுங்கண்ணே!" போட்டாரு.

"ஆறு அம்பது வண்டி போச்சி..."

அப்பறம்?... ... ஒண்ணுமில்ல.

"என்னை விட்டுட்டுப் போச்சி..."

... ... ஒண்ணுமில்ல. நடுவுல ரூபன் கெஞ்சறாரு, "என்ன ஜனங்களே, ஏதாச்சும் சொல்லுங்களேன்!" ஒருத்தரும் சொல்லல. திடீர்னு தானாச் சிரிக்கிறாரு! சிரிச்சி, குரல் ஒடஞ்சி, தாளம் தவறி... ஆளில்லாத வீட்ல ஒருத்தர் தனக்குத்தானே பேசிக்கிட்டா எப்பிடி இருக்கும்? அப்பிடி இருந்திச்சி.

ரூபன் மொகம் தொங்கிப் போச்சி. "நிறுத்துப்பா... இதான் என் குரலா? இருவத்தெட்டு வருசமா ஜனங்க இதையா பொறுத்துக்கிட்டாங்க? ஆல்பமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் இனிமே மேடை ஏறல." சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சி. யோசிச்சிப் பாருங்க... தன் வாழ்நாள் ஆசைய அந்த மனுசன் அங்கயே பொதைச்சிட்டு எழுந்திரிக்கிறாரு.

அப்ப ஸ்டெல்லா அக்கா கேட்டாங்க ஒரு கேள்வி. "தம்பி... இதுல நான் எங்க?"

"என்னக்கா?"

"மூணாவது வரிசையில உக்காந்து தொண்ட கிழியக் கத்துனேனே, அது எங்க?"

"அது வந்துக்கா... கூட்டத்து மைக்ல பதிவானத மட்டும் மூடி வெச்சிட்டேன். ஒரே டிஸ்டர்பன்ஸ்..."

"யாரு, நானா டிஸ்டர்பன்ஸ்? தொறடா அந்த மைக்க!"

முகுந்தன் ஒடனே தொறந்தாரு. பாட்டு மொதல்லேர்ந்து ஓடுது. "ஆறு அம்பது வண்டி போச்சி..." முன்னூறு பேரு: "போனாப் போவுது!" "என்னை விட்டுட்டுப் போச்சி..." "அடுத்த வண்டி வரும்ணே!" "என்ன ஜனங்களே, ஏதாச்சும் சொல்லுங்களேன்!" ஒடனே எல்லாருக்கும் மேல ஒரு பொம்பளக் குரல்: "வண்டி வர்லன்னா நடந்து போலாம், வாய்யா!"

மண்டபமே வெடிச்சிச் சிரிக்குது. ரூபன் அங்கதான் சிரிச்சிருக்காரு. குரல் ஒடஞ்சதும் அங்கதான். இப்பக் கேட்டா, அந்த ஒடஞ்ச குரலு... அடடா, என்னா அழகு!

ரூபன் மொகத்தத் தொடச்சிக்கிட்டு மெதுவாச் சொன்னாரு: "முகுந்தா, என் மைக்க ஒரு நூல் கொறச்சிக்க. அவங்கள ஏத்து."

அப்பிடியேதான் வந்திச்சி அந்த ஆல்பம். அதுல யாரோ இருமறாங்க, யாரோ நாற்காலிய இழுக்கறாங்க, ஒரு கொழந்த பால் கேட்டு அழுவுது. போட்டுக் கேட்டா, நாமளும் ஒரு சீட்ட இழுத்துப் போட்டு அங்க உக்காந்துடறோம்.

ஏன் இதச் சொல்றேன்? ஸ்டூடியோவுல எவ்ளோ சுத்தமாப் பாடுனாலும், ரசிகன் கச்சேரிப் பதிவத் தேடித் தேடிக் கேக்கறானே, ஏன்? பாடறவன் கூட மனுசங்க இருக்காங்க, அதுக்குத்தான்! ஆனா நாம வீட்ல என்ன பண்றோம்? அந்த முகுந்தன் வேலைதான். "டிவி ஓடுது, பேசாத." "போன்ல இருக்கேன், அப்பறம் சொல்லு." மாமனாரு வாயத் தொறந்தா எந்திரிச்சிப் போயிடறது. எல்லாரையும் மூடிட்டு, கடைசியில "என் வாழ்க்கையே சரியில்ல சார்"னு பொலம்பறது! வாழ்க்கைக்கு ஒரு கேடும் இல்ல சாமி. கூட இருக்கறவங்கள மூடிட்டுக் கேட்டா அது அப்பிடித்தான் கேக்கும்.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒருத்தர் ஆரம்பிப்பாங்க, "இன்னிக்கி என்ன நடந்திச்சி தெரியுமா?"ன்னு. போனக் கீழ வெச்சிட்டு... "அட, அப்பறம்?"னு கேளுங்க. அவங்க குரல் எவ்ளோ நல்லா இருக்குன்னு அவங்களுக்கே அப்பத்தான் தெரியும்.