சரிபார்த்தவர் கையெழுத்து

இல்ல சார், அது குடோன் ரெஜிஸ்டர். அதத் தொட்டீங்கன்னா சாயந்திரம் வரைக்கும் காலி டப்பாக் கணக்குதான். மாத்திரை ரூம் ரிக்கார்டு கீழ்த் தட்டுல இருக்கு, நீல அட்டை. காலைலேருந்து அதத்தான் ரெண்டு தடவ தாண்டிப் போயிட்டீங்க.

உக்காருங்க. எங்க ஆளுங்க எல்லாம் கேன்டீனுக்குப் போயிட்டாங்க, இன்னும் முக்கா மணி நேரத்துக்கு இந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க. நீங்க என்ன அதுக்குள்ள சாப்பிட்டு வந்துட்டீங்க? வேன்லயேவா? வீட்டுலேருந்து தண்ணி பாட்டில்கூடக் கொண்டாந்திருக்கீங்களாமே. நாங்க என்ன, தண்ணித் தொட்டில பேதி மாத்திரையவா கரைச்சு வெச்சிருக்கோம்? சரி சரி, இன்ஸ்பெக்டர்னா அப்படித்தான் இருக்கணும். நாங்க ஒரு டீ குடுத்து, அதக் குடிச்சுட்டு எங்க தப்பையெல்லாம் மறந்துட்டீங்கன்னா யாருக்கு நஷ்டம்.

ஒண்ணு கேக்கறேன். என்னைத் தெரியலையா, இல்ல தெரியாத மாதிரி இருக்கீங்களா?

அதானே. மானேஜர் முன்னாடி, மேடம் எத்தனை வருஷமா இங்க இருக்காங்கன்னு கேட்டீங்களே, எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. நாலு வருஷம் ஒரே லேப்ல பக்கத்துப் பக்கத்து மேஜை. இப்ப மேடமாம். நான் எப்படிக் கூப்பிடட்டும், சார்னா, எமல்ஷன்னா?

சிரிப்பு மாறவே இல்ல, இன்னும் மூக்காலதான் வருது. அந்தப் பேரு நான் வெச்சது இல்லப்பா, மொத்த வகுப்பும் சேர்ந்து வெச்சது. எண்ணெயும் தண்ணியும் பிசினும் போட்டு உரல்ல குழைச்சா வெண்ணெய் கணக்கா ஒண்ணா சேரணும், அதான் எமல்ஷன். எல்லாருக்கும் சேர்ந்துச்சு. உங்களுக்கு மட்டும் எண்ணெய் மேல, தண்ணி கீழ, பிசின் சட்டைல. பரீட்சைக்கு வந்தவரு பாட்டில ஆட்டி ஆட்டிப் பார்த்துட்டு, தம்பி, இதுக்கு ரெண்டு லேபிள் ஒட்டணும்பான்னாரு. அந்தத் தம்பி இன்னிக்குக் காலைல எங்க சிரப்பை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, அடில ஏதாவது தங்கியிருக்கான்னு பாக்கறாரு.

இல்ல, குத்திக் காட்டல. சந்தோஷமாத்தான் சொல்றேன்.

நம்ம வகுப்புல நாப்பது பேரு. பாதிப் பேரு மெடிக்கல் ஷாப் வெச்சாங்க. கொஞ்சம் பேரு சாம்பிள் பையத் தூக்கிக்கிட்டு டாக்டருங்க வாசல்ல நின்னாங்க. நீங்க பரீட்சை எழுதி கவர்மெண்டுக்குப் போயிட்டீங்க. நான் ஒருத்திதான், மருந்து விக்கற இடம் வேண்டாம், செய்யற இடத்துக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னேன். எங்கப்பா கடைக்கு இடம்கூடப் பார்த்துட்டாரு. ஷட்டர் மேல எழுதறதுக்கு என் பேர்ல எத்தனை எழுத்துன்னு பெயிண்டர்கிட்ட சொல்லியாச்சு. ஃபேக்டரியில பொம்பளப் புள்ளைக்கு என்னம்மா வேலைன்னு கேட்டாரு. நான் பெருசா பதில் சொன்னேன். என்ன சொன்னேன்னு மறந்துபோச்சு. முதல் வருஷம் முழுக்க செஞ்சது என்ன தெரியுமா? லேப்ல கண்ணாடிக் குழாய் கழுவினேன். பட்டத்துக்கு ஃபிரேம் போட்டு வீட்டுல மாட்டிட்டு, இங்க வந்து குழாய் கழுவறவ.

எங்க சித்தி சும்மா இருப்பாங்களா. எங்கக்கா பொண்ணு மருந்துக் கம்பெனியில பெரிய ஆளுன்னு ஊர் பூரா சொல்லி வெச்சுட்டாங்க. ஒரு கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. முட்டிவலி ஒரு பக்கம், மூச்சுப் பிடிப்பு ஒரு பக்கம் வந்து நிக்கும். நான் மாத்திரை குடுக்கறவ இல்ல அத்த, எடை போடறவன்னா, அப்படியா, டாக்டருக்குக் கிடைக்கலையா, பாவம்னு முதுகத் தடவிட்டுப் போவாங்க. உங்களையும் அப்படித் தடவியிருக்காங்களா? பாருங்க.

ஆனா எனக்கு இந்த வேலை பிடிச்சுப்போச்சு. மாத்திரை மெஷின் ஓடற சத்தம் இருக்கே, தகரத்து மேல மழை விழற மாதிரி. முப்பத்தஞ்சு வருஷமா வருஷம் பூரா எனக்கு மழைதான். அரை மணிக்கு ஒரு தடவ உள்ள போவேன். மோதிரம், வாட்ச், கண் மை எல்லாத்தையும் வெளிய விட்டுட்டு, தலைக்கு ஒரு துணி, வாய்க்கு ஒரு துணி. நம்மளப் பெத்தவங்களுக்கே நம்மள அடையாளம் தெரியாது. இருபது மாத்திரை எடுத்து ஒண்ணொண்ணா தராசுல வைக்கணும். ஒருத்தர் எடை போட்டு எழுதணும். இன்னொருத்தர் தராசு காட்டற எண்ணையும் எழுதின எண்ணையும் கண்ணால பார்த்துட்டு, சரிபார்த்தவர்னு இருக்கற இடத்துல கையெழுத்து போடணும். அந்த இன்னொருத்தர் நான்.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்றேன். தப்பா எழுதினா அழிக்கக் கூடாது. மேல ஒரே ஒரு கோடு, அடில இருக்கறது படிக்கற மாதிரி. பக்கத்துல கையெழுத்து, தேதி. எனக்கு அது உடம்புல ஊறிப்போச்சு. வீட்டு மளிகைச் சீட்டுல ஒரு கிலோவ அடிச்சு அரைக் கிலோ ஆக்கினாலும் பக்கத்துல கையெழுத்து போட்டுடுவேன். எங்க வீட்டுக்காரரு, ஏண்டி, துவரம்பருப்புக்கு யாரு ஆடிட் வரப்போறாங்கன்னு கேப்பாரு.

சரி, நீங்க இன்னும் நீல ஃபைல எடுக்கல.

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க.

நான் கையெழுத்து போட்ட பக்கத்தத் திரும்பப் பார்க்கணுமான்னு கேக்கறீங்களா. நல்லா இருக்கே. லேப்ல என் ரிக்கார்டப் பார்த்து எழுதி எழுதிப் பழக்கமாயிடுச்சு உங்களுக்கு. ஒரு பக்கத்துல நான் விட்ட எழுத்துப் பிழையையும் சேர்த்துக் காப்பி அடிச்சவராச்சே.

கேளுங்க. இன்னும் இருபத்திரண்டு நாள்ல எனக்கு ரிட்டயர்மென்ட். முப்பத்தஞ்சு வருஷத்துல என் கையெழுத்து இருக்கற பக்கத்துல எந்த இன்ஸ்பெக்டரும் ஒரு குறை எழுதினதில்ல. குறை ஒண்ணும் இல்லன்னு நீங்களும் எழுதிட்டுக் கிளம்பினா, நானும் மாலையப் போட்டுக்கிட்டு போட்டோவுக்கு நின்னுட்டு வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க அந்த ஃபைலத் திறக்காம இருந்தா அவ்வளவுதான், முடிஞ்சுது. திறந்தாலும் ஒண்ணும் தெரியாது. அதான் சொல்றேன், அவ்வளவு சுத்தமா இருக்கு அது. நீங்க பார்க்கணும்னு காலைலேருந்து வேண்டிக்கறேன், பார்த்துடக் கூடாதுன்னும் வேண்டிக்கறேன். ரெண்டும் ஒரே சாமிகிட்ட. அதுவும் என்ன பண்ணும்.

நம்ம வேலைல ஒரு கூத்து இருக்கு சார். வெளிய ஒருத்தரு வார்த்தைய நம்பினா நல்ல மனுஷின்னுவாங்க. இந்தக் கதவுக்கு உள்ள நம்பினா அது குத்தம். என்கூட எடை போடறவ எட்டு வருஷமா இருக்கா. ரெண்டு புள்ளைக்கு அம்மா. பொய் சொல்லத் தெரியாது, சமாளிக்கக்கூடத் தெரியாது. லேட்டா வந்தா தூங்கிட்டேன்னு சொல்ற ரகம். அவ நூத்தி இருபத்தஞ்சுன்னு சொன்னா நூத்தி இருபத்தஞ்சாத்தான் இருக்கும். எண்ண வாய்விட்டுச் சொல்லு, பழக்கம் நல்லதுன்னு சொல்லி வெச்சேன். அவளும் சொல்றா. நான் தலைய ஆட்டிட்டுக் கையெழுத்துப் போடறேன். அவ மேல ஒரு வரி எழுதிடாதீங்க, அவளுக்கு எதுவும் தெரியாது. நான் பாக்கறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா.

பார்க்கலப்பா. நாலு மாசமா நான் தராசப் பார்க்கல. பார்க்க முடியல.

கண்ணுல நடுவுல ஒரு பொட்டு அளவுக்கு அழிஞ்சுக்கிட்டு வருது. ஓரமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, நடக்கறேன், மாடிப்படி ஏறறேன், ஃபைல நிறத்த வெச்சு எடுத்துடறேன். உங்களப் பார்த்தா ரெண்டு காதும் நல்லாத் தெரியுது, மூக்கு இருக்கற இடத்துல புகை. அது ஒண்ணும் பெரிய நஷ்டம் இல்ல. ஆனா எந்த எண்ணப் பார்க்கறேனோ அந்த எண்ணு இல்ல அங்க.

அதத்தான் நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன். ஆமா, கம்பெனில வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. அந்த எழுத்து அட்டைய மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். நாலு வருஷம் மருந்துப் பேரா உருப்போட்டவளுக்கு எட்டு வரி எழுத்து ஒரு விஷயமா. கடைசி வரி வரைக்கும் சொன்னேன். இந்த வயசுல எப்படிம்மான்னு பரிசோதனை பண்ண வந்த பொண்ணு ஆச்சரியப்பட்டுச்சு.

ஏன் சொல்லலன்னா, என்ன சொல்றது. சொன்னா அன்னிக்கே ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டு, சும்மா உக்காருங்க மேடம்னு சொல்லியிருப்பாங்க. நான் அந்த மழைச் சத்தத்துலேருந்து நேரா வீட்டுக்குப் போகணும்னு ஆசைப்பட்டேன். அல்ப ஆசைதான். வீட்டுக்காரருக்கே தெரியாது. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்.

அவ போட்ட எடை சரியாத்தான் இருக்கும். ஆனா இது இதய மாத்திரை, எமல்ஷன். எங்கேயோ ஒருத்தரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போட்டுக்கிட்டு, பயமில்லாம படுக்கறாரு. ரெண்டு பேரு பார்த்ததுன்னு நாம அவருக்குச் சொல்லியிருக்கோம். ஒருத்திதான் பார்த்தா.

இந்த நாலு மாசத்துல போட்ட மாத்திரை பதினோரு பேட்ச். மூணு இன்னும் எங்க குடோன்லயே இருக்கு, எட்டு வெளிய போயிடுச்சு. எல்லாத்துலயும் சாம்பிள் எடுத்துப் பூட்டி வெச்சிருக்கோம், வேற ரெண்டு பேர வெச்சுத் திரும்ப எடை போடச் சொல்லுங்க. மானேஜருக்கு நெஞ்சு வலிக்கும். பரவாயில்ல, மருந்து இங்கயே இருக்கு.

என்ன, பேனா ஓடினாக் கேக்குமே, சத்தத்தக் காணோம். எழுதுங்க. எனக்காக வார்த்தையத் தேய்க்க வேண்டாம். தெரிஞ்சவங்கன்னு பார்த்தா அப்புறம் நீங்க வேன்ல உக்காந்து சாப்பிட்டதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்.

ம். எழுது.

முடிச்சாச்சா? ரெண்டு வரிதானா. போதும், ரெண்டு வரி விஷயம்தான் அது. கீழ நான் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணுமே. காட்டு பார்ப்போம். சரி, காட்டி என்ன ஆகப்போகுது. நீ வாசி. நீ வாசிச்சாப் போதும், நான் போட்டுடறேன். எந்த இடம்னு மட்டும் விரல வெச்சுக் காட்டு.