முன்னால போறது தெரியுதா

அந்த நாற்காலி வேண்டாம்மா, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காரு. ரிப்போர்ட்டை மேஜை மேல வை, பிரிக்க வேண்டாம். நாப்பத்தி ரெண்டாம் பக்கம்தானே? விமானியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம். எனக்கு மனப்பாடம். உங்கப்பாவைப் பத்தி அப்படி எழுதி பதினாலு வருஷம் ஆச்சு. அது நிஜமா இல்லையான்னு கேக்கத்தான் வந்திருக்க, இல்லையா? சொல்றேன். எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல.

உங்கப்பாவை நான் பாத்ததே இல்லம்மா. ஒன்பது வருஷம் பேசியிருக்கேன், முகம் தெரியாது. இறங்க வர்ற விமானத்தையெல்லாம் வரிசைப்படுத்தி ரன்வேக்கு அனுப்புறது என் வேலை. ஜன்னலே இல்லாத ரூம். ஸ்கிரீன்ல அவர் ஒரு புள்ளி, காதுல ஒரு குரல், அவ்வளவுதான். தபால் மூட்டை ஏத்திக்கிட்டு நாலு மணி வாக்குல சின்ன விமானத்துல தனியா வருவார். தபால்காரர்னுதான் நாங்க சொல்லுவோம். எங்களுக்கு எவ்வளவு நெருக்கடின்னாலும் அவர் தொண்டையைக் கனைச்சுட்டு முதல்ல ஒரு வணக்கம் வெப்பார். முகத்தைப் பேப்பர்லதான் பாத்தேன். அவருக்கு மீசை இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல.

ஆமா, இடைவெளி. அதைத்தானே கேக்குற. பெரிய லாரியை ஒட்டி சைக்கிள்ல போனா ஒரு தள்ளு தள்ளும் பாரு, அது மாதிரி பெரிய விமானம் போன வழியில காத்து சுழண்டுக்கிட்டே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு மூணு நிமிஷம் அடங்காது. அதுல சின்ன விமானம் மாட்டினா கவுத்துப் போட்டுடும். அதனால பெரியதுக்குப் பின்னால சின்னது வந்தா ஆறு மைல் விடணும். அந்த ஆறு மைலை விட்டுக்கொடுக்காம இருக்கத்தான் என்னை உக்கார வெச்சிருந்தாங்க. இன்னிக்கும் பேங்க்ல வரிசையில நின்னா முன்னால இடம் விட்டுத்தான் நிப்பேன். பின்னால இருக்கிறவன், சார் நீங்க வரிசையில நிக்கிறீங்களா, வேடிக்கை பாக்குறீங்களாம்பான். சிரிச்சுக்கிட்டே அவனை முன்னால விட்டுடுவேன். வேற என்ன பண்றது.

ஆனா அதுல ஒரு வழி உண்டு. வானம் தெளிவா இருந்தா, முன்னால போறது தெரியுதான்னு பைலட்டையே கேக்கலாம். தெரியுதுன்னுட்டார்னா அந்த நிமிஷத்துலேர்ந்து இடைவெளி அவர் பொறுப்பு. கை மாறிடும். ஆறு மைல் கணக்கு என் தலையிலேர்ந்து இறங்கிடும். சட்டப்படி உள்ளதுதாம்மா, எல்லாரும் பண்றதுதான்.

அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணி நேரம் நல்ல மழை. எல்லாம் தேங்கிப்போச்சு. மழை விட்டு வெயில் பளிச்சுன்னு அடிச்சதும் பதினோரு விமானம் ஒரே நேரத்துல என் கையில. மேல டவர்லேர்ந்து போன் மேல போன், கிளம்ப வேண்டியதெல்லாம் நிக்குது, இறங்குறதை சீக்கிரம் முடிங்கன்னு. போனை எடுக்கிறது பக்கத்து சீட்டுக்காரன். கழுத்து நீளம், அதனால ஒட்டகம்னு பேர். என் ஸ்கிரீனையும் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே இருப்பான். அதுவும் அவன் வேலைதான். என் கண்ணு தப்பவிட்டதை அவன் கண்ணு பிடிக்கணும்.

உங்கப்பாவுக்கு முன்னால ஒரு பெரிய விமானம். ஆறு மைல் அஞ்சரை ஆச்சு, அஞ்சாகப் போகுது. ஒரு வட்டம் போட்டுட்டு வாங்கன்னு அவரைத் திருப்பிவிட்டிருக்கலாம். விட்டா பின்னால இருக்கிற வரிசை மொத்தமும் கலைஞ்சுடும். அதனால கேட்டேன். நேர் முன்னால அஞ்சு மைல்ல பெரிய விமானம், தெரியுதா? தேடியிருப்பார். வெயில் அவர் கண்ணுக்கு நேரா இருந்திருக்கும். அப்புறம் கனைச்சுட்டு, தெரியுது, நான் பாத்துக்கிறேன்னார். என்னமோ எனக்கு உதவி பண்ற மாதிரி சொன்னார்மா.

அவர் பாத்தது அதை இல்ல. பக்கத்து ரன்வேக்கு இன்னொரு பெரிய விமானம் போய்க்கிட்டிருந்தது, எட்டு மைல் தள்ளி. அதைத்தான் பாத்தார். நிறைய இடம் இருக்குன்னு நினைச்சுட்டார். மீதி உனக்குத் தெரியும்.

விசாரணையில டேப் போட்டுக் கேட்டாங்க. நான் பேசினதுல ஒரு வார்த்தை பிசகல. வெளிய வரும்போது தோள்ல தட்டி, தைரியமா இருங்கன்னு அனுப்பினாங்க. தைரியம்! பஸ்ல பின்சீட்டுல யாராவது கனைச்சா நான் இறங்கிடுவேன். மூணு ஸ்டாப் நடந்தே வந்திருக்கேன். வீட்டுல இவகிட்ட கேஸ் அடுப்பை மூடினியான்னு கேப்பேன், பாத்துட்டேன்னு சொல்லுவா. எழுந்து போய்ப் பாப்பேன். கதவு? பாத்துட்டேன்பா. போய்ப் பாப்பேன். என் பேச்சு மேல நம்பிக்கையே இல்லையான்னு ஒருநாள் உக்காந்து அழுதுட்டா. அவளுக்கு எப்படிச் சொல்லுவேன்.

உங்கம்மாவுக்கு இன்னும் அவர்மேல கோவமா? என்னது... கண்ணை எங்க வெச்சிருந்தீங்கன்னு போட்டோவைப் பாத்துக் கேப்பாங்களா? தினமுமா?

தண்ணி குடிம்மா. குடி.

இல்ல, எல்லாமே டேப்ல இல்ல. மைக் பட்டனை அழுத்திப் பேசினாத்தான் பதிவாகும். ரூமுக்குள்ள நாங்க பேசிக்கிட்டது எதுலயும் கிடையாது. ஒட்டகத்துக்கு மட்டும்தான் தெரியும், அவன் எனக்காக வாயைத் திறக்கல. போன மாசம் அவனும் போய்ச் சேந்துட்டான். இப்ப நான் ஒருத்தன்தான். அதனால நான் சொல்றதை அப்படியே உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு. ஒன்னும் குறைக்காத.

தெரியுதுன்னு சொன்னதுக்கப்புறமும் உங்கப்பாவோட வேகம் குறையல. பெரியதை அவ்வளவு கிட்டத்துல பாத்திருந்தா அவர் யாரும் சொல்லாமலே குறைச்சிருப்பார். ஒன்பது வருஷம் கேட்ட ஆளு, எனக்குத் தெரியாதா? ஒட்டகம் எட்டிப் பாத்துட்டு என் முழங்கையைத் தட்டினான். டேய், குறைக்கல பாரு, அவர் பக்கத்து ரன்வேக்குப் போறதைப் பாத்துட்டுச் சொல்றாருடா, இன்னொரு தடவை கேளுன்னான். அதுக்கு முழுசா ஒரு நிமிஷம் இருந்தது. ஸ்கிரீனைப் பாத்தேன். அவன் சொன்னது சரிதான், எனக்கும் தெரிஞ்சுது. கேட்டா அந்த ஆறு மைல் மறுபடியும் என் தலையில வந்து உக்காரும். நான் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லம்மா. தெரியுதுன்னு சொல்லிட்டார்ல, இனி அவர் பாடுன்னு சொல்லிட்டு, அடுத்த விமானத்தைக் கூப்பிட்டேன்.