மராவனச் சட்டம், பிரிவு பதினான்கு

உங்கள் ஏட்டம்மா ஜெனிதா எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கும் என் வாக்குமூலத்தில் ஒற்றுப்பிழைகள் மட்டும் பதினொன்று. 'வேலைக்காரி கதவை தட்டினார்' என்கிறது முதல் வரி. 'கதவைத் தட்டினார்' என்று இருக்க வேண்டும். அப்போதே சொன்னேன். "இன்னா மேடம் நீங்க, பக்கத்து வூட்ல பொணம் கெடக்குது, நீங்க எழுத்து சரியா கீதான்னு பாத்துக்கினு கீறீங்க" என்றாள். அவளிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? கையெழுத்து வாங்க நாளை வருகிறாளாம். அதற்குள் நானே எல்லாவற்றையும் திருத்தி வைத்திருக்கிறேன், இன்ஸ்பெக்டர். பொருட்பிழை ஒன்றே ஒன்றுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் பெயர் மணிமொழி. வயது எழுபத்துநான்கு. முப்பத்தோரு வருஷம் அரசாங்கத்தில் சட்டங்களைத் தமிழாக்கும் வேலை பார்த்தேன். சட்டத்தின் உயிர் அதன் கடைசிச் சொல்லில் இருக்கிறது. 'வேண்டும்' என்றால் தப்ப முடியாது. 'லாம்' என்றால் அவரவர் இஷ்டம். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒருவன் வீட்டை இழப்பான், இன்னொருவன் ஜெயிலுக்குப் போவான். இது தெரியாதவர்கள்தான் எனக்கு மேலதிகாரிகளாக வந்தார்கள்.

மந்தைவெளியில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்று என்னுடையது. மற்றதில் இறந்துபோன கோதண்டபாணி இருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஓய்வுபெற்றவர். மனைவி இல்லை, மகள் கனடாவில். அவருடைய குளியலறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும், குழாய்கள் இறங்கும் ஒரே சந்துக்குள் திறப்பவை. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

அவர் கதை எழுதினார். ராமாயணம் படிக்க வேண்டிய வயதில் கூர்மையான காதும் ஆயிரம் வருஷ ஆயுளும் உள்ள எல்ஃப் என்னும் காட்டு மனிதர்களைப் பற்றி எழுதினார். அவர்களுடைய ராஜ்யத்துக்குப் பசுஞ்சோலைபுரி என்று பெயர் வைத்திருந்தார். கொட்டிவாக்கத்தில் மனை விற்கிறவன்கூட அதைவிட நல்ல பெயராக வைப்பான். மராவனம் என்று மாற்றியது நான்.

முதல் நாள் ஒரு தாளோடு வந்து நின்றார். "மேடம், எங்க ராஜ்யத்துக்குச் சட்டம் எழுதியிருக்கேன். ஒரு பார்வை பாத்துக் குடுப்பீங்களா?"

ஒரே வரி. மரத்தை வெட்டுபவனுக்கு மரண தண்டனை.

"மரம்னா என்ன?" என்றேன்.

"மரம்னா மரம்தான் மேடம்."

"கறிவேப்பிலை?"

"அது... செடியில்ல?"

"கீழ் வீட்டுக் கறிவேப்பிலை முதல் மாடியைத் தொடுது. ஒரு கொத்து ஒடிச்சா தூக்குல போடுவீங்களா?"

"ஐயையோ. ரசம் வெக்க முடியாதே மேடம்."

"அப்ப மரம்னா என்னன்னு முதல்ல ஒரு வரையறை போடுங்க. வெட்டுதல்னா என்னன்னு ஒண்ணு போடுங்க. உட்காருங்க."

இரண்டு வருஷம், வியாழன்தோறும் என் சாப்பாட்டு மேசையில் அந்த ராஜ்யம் நடந்தது. அரசிக்கு ஓட்டு கிடையாது. அவையில் அவள் கடைசியாகத்தான் பேச வேண்டும், முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். அவை உறுப்பினரின் பதவி அவர் நட்ட மரம் நிற்கும்வரைதான். மரம் சாய்ந்த அன்றே அவரும் இறங்க வேண்டும். எல்லாம் நான் எழுதியது. அவர் பென்சில் சீவினார்.

அவர் கொடுத்தது ஒரே ஒரு விதி. எந்தச் சட்டத்தையும் இருவர் சேர்ந்தே எழுத வேண்டும், ஓர் எழுத்தை மாற்றினாலும் இருவர் ஒப்பமும் வேண்டும், தனியே மாற்றுகிறவர் குற்றவாளி. இரு கை விதி என்று பெயர் வைத்தார். "உங்களையும் என்னையும் மாதிரி மேடம்" என்று சிரித்தார். பல்செட் லேசாக ஆடியது.

தண்டனைதான் கடினம். ஆயிரம் வருஷம் வாழ்கிறவனுக்குப் பத்து வருஷ ஜெயில் என்பது மத்தியானத் தூக்கம். தூக்கு போட மரம் சம்மதிக்காது. மூன்று வாரம் யோசித்துப் பதினான்காம் பிரிவை எழுதினேன். குற்றவாளி எங்கும் போகலாம், எதையும் உண்ணலாம். அவர் கூப்பிட்டால் எவரும் மறுமொழி பேசாதிருத்தல் வேண்டும். என் முப்பத்தோரு வருஷ வேலையில் இவ்வளவு சுத்தமான வாக்கியம் ஒன்று அமைந்ததில்லை.

"ஜெயிலைவிடக் கொடுமையா இருக்கு மேடம்" என்றார்.

"தண்டனைன்னா அப்படித்தான் சார் இருக்கும்."

புத்தகம் வந்தது. தி. நகரில் ஒரு சின்ன ஹாலில் வெளியீடு, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். அனு என்று ஒரு கல்லூரிப் பெண் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார், 'மறுமொழி பேசாதிருக்கலாம்'னு போட்டிருக்கீங்களே, அந்த இடத்துல அழுதுட்டேன் சார். யாராவது ஒருத்தர் பேசிடலாம்னு சட்டமே ஒரு கதவைத் திறந்து வெச்ச மாதிரி இருக்கு."

கோதண்டபாணி மைக்கைப் பிடித்தார். "அது நான் மாத்தினதும்மா. மேடம் 'வேண்டும்'னு போட்டிருந்தாங்க. மேடம் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்."

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கோபம் வரவில்லை என்பதை நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். தனியே மாற்றியதாக நாற்பது பேர் முன்னால் ஒப்புக்கொண்டவர் அவர். விதி அவருடையது. தண்டனைப் பிரிவும் தயாராக இருந்தது. நான் செய்தது நிறைவேற்றம் மட்டும்.

மறுநாள் காலையில் "குட் மார்னிங் மேடம்" என்றார். நான் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். நான்காம் நாள் அவருக்கே புரிந்துவிட்டது. "ஓ, பதினாலாம் பிரிவா? சரி சரி, ஒத்துக்கறேன், குற்றவாளி ஆஜர்" என்று படிக்கட்டில் நின்று கைகட்டிக் காட்டினார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. பத்தாம் நாள் என் கிரில் கதவில் ஒரு பொட்டலம் மைசூர்பாகு தொங்கியது. இரண்டு வீட்டிலும் வேலைக்கு வருகிற அங்காளம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

"இன்னாமா, சாரு கூப்ட்டுக்கினே கீறாரு, காது கேக்கலியா?" என்றாள்.

"கேக்குது."

"அப்ப வாய்லதான் பூட்டா?"

படிக்காதவள். விளக்கிப் பயனில்லை.

இருபத்துநான்காம் நாள் செவ்வாய்க்கிழமை. வடபழனியில் அக்கா மகள் கல்யாணம் என்று அங்காளம்மாள் வரவில்லை. பதினொரு மணிக்கு நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் குளியலறையில் வாளி உருளும் சத்தம், அதன் பின்னால் கனமாக ஏதோ விழும் சத்தம்.

"மேடம். வழுக்கி விழுந்துட்டேன் மேடம். இடுப்பை அசைக்க முடியல."

நார் உரித்தேன். அவரைக்காயில் நார் நின்றால் எனக்குப் பிடிக்காது.

"செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில சாவி இருக்கு மேடம். யாரையாவது அனுப்பினாக்கூடப் போதும்."

தாளித்தேன். கடுகு வெடிக்கும்போது ஒரு வாக்கியம் எனக்குக் கேட்கவில்லை. அது என்னவென்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அடுத்தது கேட்டது.

"மேடம், இது விளையாட்டு இல்ல."

சாப்பிட்டேன். ஒரு மணி வாக்கில் குரல் மிகவும் இறங்கியிருந்தது. நான் ஜன்னலருகே போய் நின்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

"லாம்... மேடம். லாம்னுதானே போட்டோம்."

'லாம்' என்று தனியாக ஒரு சொல்லே தமிழில் கிடையாது. பேசல், ஆம், பேசலாம். அதன் வாலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசிவரை அவருக்கு ஒரு வினைச்சொல்லை முழுதாகச் சொல்ல வரவில்லை. மூன்று மணிக்கு மேல் சத்தம் இல்லை. மறுநாள் காலை அங்காளம்மாள் வந்து, அவர் கதவைத் தட்டினாள். ஒற்றோடு.

அவர் 'போட்டோம்' என்று பன்மையில் சொன்னதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். போலீஸ்காரர்கள் வினைமுற்றைப் பார்ப்பதில்லை. அவர் மேசை இழுப்பறையில், புத்தகம் அச்சாகும் முன் திருத்திய படி இருக்கும். பதினான்காம் பிரிவில் 'பேசாதிருத்தல் வேண்டும்' அடிக்கப்பட்டு 'பேசாதிருக்கலாம்' எழுதப்பட்ட இடத்தில் இரண்டு சுருக்கொப்பங்கள். ஒன்று அவருடையது. மற்றது என்னுடையது.

படிக்காமல் போட்டேன் என்று எழுதினால் நம்பிவிடுவீர்கள். ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் படிக்காமல் நான் எதிலும் ஒப்பமிட்டதில்லை. உங்களுக்காக அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு அந்தப் படியோடு என் வாசலில் பென்சிலை நீட்டிக்கொண்டு நின்றார். "யாராவது ஒருத்தர் பதில் சொல்ல வழி இருக்கட்டும் மேடம். அவ்வளவு பெரிய காட்டுல ஒருத்தராவது." படித்தேன், போட்டேன், கதவைச் சாத்தினேன். அதையும் ஹாலில் சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான்.

இனி அந்தப் பொருட்பிழை. மூன்றாம் பக்கம், கடைசி வரி. 'அவர் கூப்பிட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை' என்று உங்கள் ஏட்டம்மா எழுதியிருக்கிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை. பாவம் பார்த்து அவளாகச் சேர்த்தது. கடைசி நான்கு சொற்களையும் அடித்துவிட்டு, சரியான வடிவத்தை மேலே எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டிருக்கிறேன்.

பதில் சொல்லியிருக்கலாம்.