சிறகு கோதிவிட்டவள்

என் தங்கையின் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். என்னைத் தவிர யாராலும் அதைப் படிக்க முடியாது. உங்கள் ஸ்டேஷன் எழுத்தரின் எழுத்தும் கிட்டத்தட்ட அப்படித்தான், அதிலும் வரிக்கு இரண்டு பிழை. அதனால்தான் காகிதம் கேட்டு வாங்கி நானே எழுதித் தருகிறேன். இடையிடையே எழுந்து ஜன்னல் வரை நடந்துவிட்டு வருவேன். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. தப்பாக நினைக்க வேண்டாம்.

எனக்கும் அவளுக்கும் இருபது வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை வளர்த்தது நான். அவளுடைய பதினாறாவது வயதில் ஒரு நோய் வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டு அடிக்கும், மூட்டெல்லாம் வீங்கும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் கை வைக்கும். படுக்கையில் கிடந்த அந்த நாட்களில்தான் தேவதூதர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தாள். மேகத்துக்கு மேலே ஒரு பள்ளிக்கூடம். அங்கே அப்போதுதான் சிறகு முளைக்கிற பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காவல் தூதர். தினமும் காலையில் அந்தப் பிள்ளையின் சிறகைக் கோதிவிடுவது அவர் வேலை.

அவள் கிறுக்கிப் போடுவாள், நான் தட்டச்சு செய்வேன். இரண்டு பாகம் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் பித்துப் பிடித்து அலைந்தார்கள். அடுத்த பாகம் எப்போது என்று கேட்டுக் கடிதமாக வந்து குவிந்தது. நான் ஒரு அலுவலகத்தில் பதினெட்டு வருடம் மற்றவர்களின் கடிதங்களை அடித்துக்கொண்டிருந்தவள். யாரும் என்னை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘என் அக்காவுக்கு’ என்று இருந்தது. வேலையை விட்டேன். என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

பிறகு மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். காலையில் இரண்டு, வெள்ளை நிறம். நான்கே மாதத்தில் அவள் ஆளே மாறிப்போனாள். சைக்கிள் ஓட்டினாள், நீச்சல் கற்றுக்கொள்ளப் போனாள். அவளுடைய பேனா மேஜையில் காய்ந்துகொண்டிருந்தது.

“மூணாம் பாகம் என்னடி ஆச்சு?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமே தோண மாட்டேங்குதுக்கா. உடம்பு நல்லா இருந்தா தேவதூதரெல்லாம் வர்றதில்ல போல. வெளிய வெயில் எவ்வளவு நல்லா இருக்கு பாரு.”

“பிள்ளைங்க காத்துட்டு இருக்காங்களே.”

“இருக்கட்டும். நான் வேற ஊர்ல போய்ப் படிக்கலாம்னு இருக்கேன். ஹாஸ்டல்ல இடம் கேட்டிருக்கேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அன்று முழுக்க நிலைகொள்ளவில்லை. வீட்டைப் பெருக்கினேன், பெருக்கிய வீட்டையே மறுபடியும் பெருக்கினேன். மருந்துக் கடைக்குப் போனேன். அதே அளவில், அதே வெள்ளையில் சத்து மாத்திரை கிடைக்கிறது. யாருக்கும் கெடுதல் செய்யாதது. நான் அவளுக்கு விஷம் வைத்தேன் என்று வெளியே உங்கள் ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் எதையும் வைக்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தது. கூடவே கதையும் வந்தது. தலையணையில் சாய்ந்தபடி சில நாள் பத்துப் பக்கம்கூட எழுதினாள். எழுந்து நடக்கப் பார்க்கும்போதெல்லாம், “உன்னால முடியாது கண்ணு, படுத்துக்கோ, அக்கா பாத்துக்கறேன்” என்று சொல்வேன். சோறு ஊட்டினேன், தலை வாரினேன், கால் பிடித்துவிட்டேன். யாரும் தொந்தரவு செய்யக்கூடாதென்று அவள் ஃபோனை நானே வைத்துக்கொண்டேன். மருத்துவரைப் பார்க்கும் நாளை இரண்டு முறை தள்ளிப்போட்டேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தின்போது அவள் முகம் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. இன்னும் மூன்று அத்தியாயம் பாக்கியிருந்தது. நட்டாற்றில் விட முடியுமா?

ஒருநாள் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, டைப் அடிக்கிறப்போ கதையைப் படிப்பியா?”

“எங்கடி படிக்கிறது? கண்ணுல எழுத்து வருது, விரல்ல போயிடுது. அர்த்தமெல்லாம் புத்தகமா வந்தப்புறம்தான். உனக்குத் தெரியாதா?”

“தெரியும். சும்மா கேட்டேன்.”

இரண்டே நாளில் பதினான்காம் அத்தியாயத்தை முடித்தாள். நான் ஒரு பிழையில்லாமல் அடித்து, வழக்கம்போல எங்கள் பதிப்பாசிரியர் அம்மாளுக்கு அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் அந்த அம்மாள் ஒரு மருத்துவரோடு வாசலில் வந்து நின்றார். “தங்கச்சியோட மாத்திரை டப்பாவைக் கொஞ்சம் காட்டுறீங்களா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். மருத்துவர் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது.

அந்த அத்தியாயத்தை நேற்று நீங்கள் என் முன்னால் வைத்துப் படிக்கச் சொன்னீர்கள். அப்போதுதான் முதல் முறையாகப் படித்தேன். சிறகு கோதும் சாக்கில் காவல் தூதர் தினமும் ஓர் இறகைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிடுகிறார். பறக்க முடியாமல் தவிக்கும் பெண்ணிடம், “உன்னால முடியாது கண்ணு, படுத்துக்கோ” என்கிறார். கடைசி இறகில் அந்தப் பெண், ‘படிப்பவர் யாராக இருந்தாலும் சீக்கிரம் வாருங்கள்’ என்று எழுதுகிறாள். அந்த இறகைப் பூமிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதே காவல் தூதர்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது.

நன்றாக வந்திருக்கிறது. அவள் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். காய்ச்சல் இல்லாமல் அப்படி ஒன்று வந்திருக்குமா?

மாத்திரையை மாற்றியது நான்தான். ஐந்து மாதம், தினமும், தெரிந்தே மாற்றினேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இன்று காலை அவள் மருத்துவமனை வராந்தாவில் தானாகவே நடந்தாளாம். ஏதாவது எழுதினாளா என்று உங்கள் காவலரிடம் கேட்டேன். காகிதமும் பேனாவும் கொடுத்துப் பார்த்தார்களாம், ஒரு வரிகூட எழுதவில்லையாம். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவளுக்கு எழுத வராது என்பது இப்போதாவது உங்களுக்குப் புரிந்திருக்கும்.