இரண்டாம் பாகம் வேண்டாம் என்று சொன்னேன்

இரண்டாம் பாகம் நன்றாகத்தான் இருந்தது, மேடம். நடந்ததை வாக்குமூலமாக எழுதித் தரச் சொன்னீர்கள். அதையே முதலில் எழுதிவிடுகிறேன்.

சண்டை, சாவு எதுவும் இல்லாத வீடியோ கேம் அது. ஒரு சின்ன ஊரில் வீடு கட்டலாம், மீன் பிடிக்கலாம், தச்சு வேலையோ தையலோ கற்றுக்கொள்ளலாம். முதல் பாகத்தை நானும் தங்கையும் நான்கு வருடங்கள் விளையாடினோம். அவள் கட்டிலில், நான் பக்கத்து நாற்காலியில். விபத்தில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனதிலிருந்து குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, தலை பின்னிவிடுவது எல்லாம் நான்தான். அம்மா அப்பா உயிரோடு இருந்திருந்தால்கூட இவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்திருப்பார்களா, தெரியாது.

போன மாதம் இரண்டாம் பாகம் வெளிவந்தது. "நீ மொதல்ல வெளையாடிப் பாருண்ணா. நல்லா இருக்குன்னு சொன்னா நானும் ஆடறேன்," என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சே கிடையாது.

இரண்டு வாரம் ஆடினேன். மீன்பிடிப்பது அவ்வளவு சுகம். மழை பெய்தால் கூரையில் விழும் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் முதல் பாகத்தில் இருவரும் சேர்ந்தால்தான் ஊர் எல்லையைத் தாண்ட முடியும். இதில் ஒருத்தி தனியாகவே படகு கட்டிக்கொண்டு போய், வேறு ஊரில் வேலை தேடிக்கொள்ளலாம். திரும்பி வந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இதெல்லாம் அவளுக்கு எதற்கு? சுத்த அறுவை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு, எதிர்வீட்டு அக்காவோடு அதை ஏற்கெனவே ஆடி முடித்துவிட்டதாகச் சொன்னாள். பகலில் நான் வேலைக்குப் போனதும், மாற்றுச் சாவியைக் கட்டிலை ஒட்டிய சன்னல் வழியாகக் கொடுத்து உள்ளே வரச் செய்திருக்கிறாள். அவளுடைய பாதுகாப்புக்காகத்தான் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவேன். அந்த அக்கா பிசியோதெரபிஸ்ட்டாம். தங்கையின் கால்விரல் அசைவதைப் பார்த்திருக்கிறாள். அது வெறும் நரம்புத் துடிப்பு என்று நான் சொல்லிவைத்ததை நம்பாமல், தங்கையிடம் கையெழுத்து வாங்கிப் போய், விபத்தின்போது எழுதிய அறிக்கையை மருத்துவமனையில் வாங்கி வந்து காட்டியிருக்கிறாள்.

"டாக்டர் என்ன சொன்னார்னு இப்ப தெரிஞ்சிருச்சு. நீ பொய் சொல்றப்ப மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கத்தான் அந்தக் கேமைப் பத்திக் கேட்டேன். ஆஸ்பத்திரியில அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு," என்றாள்.

என் வீட்டில், என் முதுகுக்குப் பின்னால், முன்பின் தெரியாத ஒருத்தியோடு சேர்ந்துகொண்டு எனக்குப் பரீட்சை வைத்திருக்கிறாள். நான்கு வருடம் தலை பின்னிவிட்ட கைக்கு இதுதான் மரியாதை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், ஆறு மாதம் விடாமல் பயிற்சி கொடுத்தால் நடந்துவிடுவாள் என்று மருத்துவர் சொன்னார். இனி நடக்கவே முடியாது என்று சொன்னதாக நான் அவளிடம் சொன்னேன். பயிற்சிக்குக் கூப்பிட்டவர்களிடம், வேறு இடத்தில் சிகிச்சை நடக்கிறது என்றேன். விபத்துக்கு முந்தைய வாரம்தான் அவள் வெளியூர் வேலைக்குச் சம்மதம் எழுதிவிட்டு, பெட்டியும் கட்டி வைத்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று மறுபடி பரிசோதித்ததாகவும், தசையெல்லாம் வற்றி, மூட்டுகளும் இறுகிவிட்டதால் இனி அவளால் நடக்க முடியாது என்று மருத்துவர்கள் சொன்னதாகவும் நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் நான் அவளிடம் சொன்னது பொய் இல்லையே, மேடம்.