பூப்போட்ட துண்டு

— ஏரித் தண்ணியை மறுபடி மெஷின்ல ஓட்டிப் பார்த்தியா மச்சான்? அயோடின்தானே?

— அயோடின்தான் அத்தான். கதிர் விடற ஒவ்வொண்ணுக்கும் திரையில ஒரு இடம். இது அதோட இடத்துல ஊசியாட்டம் நிக்குது.

— அப்புறம் என்ன! ஆலைக்காரன்தான் ஏரியில கலந்தான்னு டி.வி.யில சொன்னேன், சரியாப் போச்சு.

— நீங்க சொன்னதும் ஏரியைப் பூட்டினதுல மீன் பிடிக்கிறவங்க நம்ம லேப் வாசல்ல வந்து உட்கார்ந்திருக்காங்க.

— உட்காரட்டும். அவங்க உசுரைக் காப்பாத்தினவன் நான். வெளிய வந்து கும்பிடு வாங்கிக்கறேன்னு சொல்லு.

— அத்தான், பசங்க படகுல போய் எடுத்த பாட்டில் எதுலயும் ஒண்ணுமில்ல. கேமரா முன்னாடி நீங்க முக்கி எடுத்தீங்களே, அதுல மட்டும்தான் இருக்கு.

— கைராசிடா!

— தண்ணியை வேற பாட்டிலுக்கு மாத்தி ஈயப் பெட்டிக்குள்ள வெச்சு அளந்தேன். தண்ணி சுத்தம். உங்க காலி பாட்டில்ல இருக்கு. அதுவும் வெளிப்பக்கம்.

— வெளிப்பக்கமா?

— எதால தொடச்சீங்க?

— கழுத்துல கிடந்த துண்டாலதான். சொட்டச் சொட்டப் பிடிச்சிட்டு நின்னா படத்துல எடுப்பா இருக்குமா?

— உங்க மேசையில கிடந்த அந்தப் பூப்போட்ட துண்டையும் அளந்துட்டேன். கோடு திரையைத் தாண்டிப் போகுது.

— ஐயையோ... மச்சான், யாருக்கும் தெரிய வேணாம். பாட்டிலைக் கழுவிடு.

— கழுவலாம். துண்டு எங்கேருந்து வந்தது?

— வீட்டுத் துண்டுடா. உங்க அக்கா தனியா ஒரு ஆணியில மாட்டி, தொடாதீங்கன்னா. நல்ல துண்டைப் பதுக்கறாளேன்னு எடுத்துப் போட்டுக்கிட்டேன்.

— இந்த அயோடினை ஆஸ்பத்திரியில விழுங்கக் கொடுப்பாங்க அத்தான். தைராய்டு கேன்சருக்கு. கொஞ்ச நாளைக்கு வேர்வையில, எச்சில்ல வரும்.

— கேன்சரா? அவ உன் வீட்டுலதானே போய்த் தங்கியிருந்தா?

— என் வீட்டுக்கு அவ வரவே இல்ல. ஆஸ்பத்திரியில தனி அறையில இருந்தா. நான்தான் கூட்டிட்டுப் போனேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா! ஏரியில ஒரு சொட்டு கலந்தாலும் எனக்குத் தெரியும்னு மைக்கைப் பிடிச்சுப் பேசினேனே... பொண்டாட்டிக்கு என்னன்னு ஒரு மெஷின் சொல்லியா எனக்குத் தெரியணும்?

— சொன்னாளாம். பேட்டிக்காரங்க வீட்டுக்கு வந்திருந்தப்போ, உங்க காதுகிட்ட குனிஞ்சு, கேன்சருக்கு மருந்து வாங்க தம்பியோட போறேன்னு சொன்னாளாம். நீங்க, 'சரி சரி, போயிட்டு வா. காபியில சர்க்கரை பத்தல'ன்னீங்களாம்.