ஒருமனதாக நிறைவேறியது

எங்கள் மாணவர் மன்றத்தின் பெரிய தொல்லை நாற்காலிதான், மேடம். மன்றத்துக்கு ஒதுக்கியிருந்தது பழைய ஓவிய அறை. உட்கார இடம் போதாது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் மேசை மேல் ஏறி உட்கார்ந்து அரட்டை அடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்களாம். நான் தலைவியானதும் பக்கத்து வகுப்பிலிருந்து நாற்காலிகளைத் தூக்கி வரச் சொன்னேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு. அதுவும் கையைத் தூக்கிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் மன்றத்தில் எதுவும் ஆத்திரத்தில் நடக்கவில்லை.

கொக்கு துணைத்தலைவி. ஒல்லியாக, நீளக் கழுத்தோடு இருப்பாள். அந்தப் பட்டப்பெயர் வைத்தது நான்தான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். எனக்குச் சீருடை தைக்கும்போதெல்லாம் “வளர்ற பொண்ணு” என்று மடிப்பில் கொஞ்சம் துணி கூடுதலாக விட்டுத் தைப்பார். என் வீட்டில் அப்படி யோசிக்க ஆள் கிடையாது. நான் நன்றி மறந்தவள் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தாமதமாக வருகிறவர்கள் மைதானத்தில் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது மன்றத்தின் முதல் ஏற்பாடு. தாமதம் சட்டென்று குறைந்தது. ஆசிரியர்களுக்கும் நிம்மதி. ஒருநாள் சின்னப் பையன் ஒருவன் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தான். வெயில் கொஞ்சம் அதிகம். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, மீதி நேரத்தை நிழலில் நிற்கச் சொன்னேன். கொக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டாள்.

அவர் என்னைக் கூப்பிட்டார். “நீ பொறுப்பான பொண்ணும்மா. ஆனா இந்த வெயில்ல நிக்க வைக்கிறதெல்லாம் வேண்டாம். நாளைக்கு எவனோட அப்பாவாவது வந்து நின்னா எனக்குத்தான் தலைவலி.” அவ்வளவுதான். திட்டுகூட இல்லை. நான் சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து கணக்குத் தேர்வை எழுதி முடித்தேன்.

அடுத்த கூட்டத்தில் இதை விவாதத்துக்கு வைத்தேன். உள்விஷயத்தை வெளியே கொண்டுபோனவளைப் பதவியிலிருந்து நீக்கலாம் என்றான் விளையாட்டுச் செயலாளர். நீக்கினால் எல்லோரும் அவள் பக்கம் பரிதாபப்படுவார்கள் என்றேன். மாற்று யோசனை என்னுடையது. அவள் மன்னிப்புக் கேட்கும்வரை பள்ளியில் ஒருவரும் அவளோடு பேசக் கூடாது. அவள் பேசினாலும் பதில் சொல்லக் கூடாது. அடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. இதைவிட நாகரிகமான தண்டனை எனக்குத் தோன்றவில்லை. எல்லாக் கைகளும் உயர்ந்தன. நான் மட்டும் தூக்கவில்லை. தலைமை வகிப்பவர் நடுநிலையாக இருக்க வேண்டும்.

கொக்குவும் அந்த அறையில்தான் இருந்தாள்; அவளைப் பற்றிய தீர்மானம் என்பதால் அவளுக்கு வாக்கு இல்லை. சுற்றிப் பார்த்துச் சிரித்தாள். “என்னடி இது, விளையாட்டா?” என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. தீர்மானம் அப்போதே அமலுக்கு வந்துவிட்டது அல்லவா.

நாங்கள் சுவரில் ஒட்டவில்லை, ஒலிபெருக்கியில் சொல்லவில்லை. ஆனால் மதிய இடைவேளைக்குள் சின்ன வகுப்புவரை போய்ச் சேர்ந்துவிட்டது. கேன்டீன் வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டார்கள். ஆய்வகத்தில் அவளோடு சேர்ந்து வேலை செய்கிற பெண் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சைகையும் பேச்சுதான் என்று அவளுக்கு விளக்கினேன். புரிந்துகொண்டாள். ஒரு பையன், கீழே விழுந்த பென்சிலைக் கொக்கு எடுத்துக் கொடுத்தபோது வாய் தவறி “தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டான். யாரும் என்னிடம் சொல்லவில்லை. அவனே வந்து சொல்லி அழுதான். மன்னித்துவிட்டேன். மன்னிப்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வகுப்பாசிரியைகூட, “இப்பத்தான் இது ஒரு வகுப்பு மாதிரி இருக்கு” என்று சந்தோஷப்பட்டார்.

அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். “கண்ணு, உங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டையா? வீட்டுக்கு வந்தா செவுத்தப் பாத்துட்டே உக்காந்திருக்கா. சாப்பிடவும் மாட்டேங்கிறா. நீ சொன்னா கேப்பா.”

“சண்டையெல்லாம் இல்ல ஆன்ட்டி. பரீட்சை வருதில்ல, அதான்.”

பரீட்சை வரத்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

பள்ளியிலிருந்து கால்வாய்க்கரையைச் சுத்தம் செய்யப் போவதற்கு முந்தைய நாள், கை கழுவும் இடத்தில் கொக்கு என் பக்கத்தில் வந்து நின்றாள். “நான் பண்ணுனது தப்புதான்டி. உன்கிட்ட சொல்லாம போயிருக்கக் கூடாது. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும்னாலும் கேக்கறேன். ஒரே ஒரு வார்த்தை பேசுடி.” ஈரக் கையால் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக விடுவித்துக்கொண்டு தலையாட்டினேன். சைகையும் பேச்சுதான். இருந்தாலும் அவளுக்காக அந்தச் சலுகையைச் செய்தேன்.

மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. முறைப்படி தீர்மானம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும், அவள் சொன்னால் கேட்க ஆள் இல்லை. நான் அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்கவில்லை. அந்த நாட்களில் நான் வராந்தாவில் நடந்து போனால், வாயைத் திறக்கும் முன் எல்லோரும் ஒருமுறை என் முகத்தைப் பார்ப்பார்கள். அதை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கால்வாய்த் திட்டம் நான் கொண்டுவந்தது. பொதுச்சேவையில் எங்கள் பள்ளி பின்தங்கியிருக்கிறது என்று தலைமையாசிரியருக்கு ஒரு குறை. நகராட்சி கையுறையும் சாக்குப்பையும் கொடுத்தது. குழு குழுவாகப் பிரித்தோம். கொக்குவை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு தனியாக முன்னால் போனாள். மழை பெய்து தண்ணீர் உயர்ந்திருந்தது. கரையோரம் சிக்கிய ஒரு பிளாஸ்டிக் தாளை எட்டி இழுத்தாள். காலுக்குக் கீழே மண் சரிந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

“ஏய், கையக் குடுங்க. கால் நிக்க மாட்டேங்குது” என்றாள். முதலில் கத்தவில்லை. பிறகுதான் கத்தினாள்.

பொறுப்பாசிரியர் வேன் அருகில் பிஸ்கட் பிரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காது. பிள்ளைகளுக்குக் கேட்டது. வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். கொக்குவைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இரட்டைப் பின்னல், என் பக்கத்தில் நின்றிருந்தாள். “அக்கா, அவங்க கூப்புடறாங்க. பேசலாமா? சாரக் கூப்புடவா?” என்று கேட்டாள்.

“இன்னும் கூடாது” என்றேன்.

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குப்பை இழுக்கிற கழி என் கையில் இருந்தது. நுனியில் கொக்கி வைத்த மூங்கில். அது எட்டாது என்று முதல் நாள் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். எட்டும். கொக்குவுக்கும் அது தெரிந்தது. கத்துவதை நிறுத்திவிட்டுக் கழியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஒரு தப்படி முன்னால் வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. பயத்தில் உறைந்துபோனேன் என்று எங்கள் வக்கீல் மாமா சொல்லச் சொல்கிறார். நான் உறையவில்லை மேடம். இத்தனை பேரில் ஒருவர்கூட மீறவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அவளைக் கால்வாயின் மதகுக்குள் இழுத்த பிறகு விசில் ஊதினேன். எல்லோரும் வரிசையில் வந்து நின்றார்கள். ஒரு தள்ளுமுள்ளு இல்லை.

எதையும் பார்க்கவில்லை என்றுதான் எல்லோரும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் குதித்திருப்பார்கள்.

இதையெல்லாம் இன்று நானே சொல்வதற்குக் காரணம், காலையில் நீங்கள் சொன்ன அந்த இரட்டைப் பின்னல் பெண்தான். அன்றிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை, சொந்த அம்மாவிடம்கூடப் பேசவில்லை, டாக்டர்களும் கையைப் பிசைகிறார்கள் என்றீர்கள். பாவம், அந்த அம்மாவை வீணாக அலைய விடாதீர்கள். என்னை ஒருமுறை அவள் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அவளுக்கு ஒரு நோயும் இல்லை மேடம். நான் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.